டோல்கேட்டுக்கு டோல்கேட் ஒரு சேதி

1

என் காரில், எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் மகள் என் மச்சானோடு போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

நாங்கள் கனடாவில் வந்து இறங்கிய தேதி அது, மே மாதம். பெரிதாகக் கொண்டாடுவதில்லை. வருடா வருடம் அந்தத் தேதியில் வின்னிபெக்கிலிருந்து இரண்டு மணி நேரம் காரில் போய், ஒரு ஏரிக்கரையில் புளிசாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். இந்த முறை என் மனைவி மலருக்கு முதியோர் இல்லத்தில் டூட்டி. நானும் மகள் இனியாவும் மட்டும் கிளம்பினோம். அவளுக்குப் பதினெட்டு வயது. வீட்டு வாசலில் காதில் மாட்டிய ஹெட்போனை ஊர் எல்லை தாண்டும் வரை கழற்றவில்லை. அப்புறம் கழற்றினாள். எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. கழற்றியது என்னோடு பேச இல்லை, மாமாவுக்குப் போன் போட.

"மாமா, எங்க கீற?"

"நசரத்பேட்டையாண்ட டீ குட்ச்சிகினு கீறேம்மா. வேலூர் ட்ரிப்பு. நீ எங்க கீற?"

"ஏரிக்குப் போறோம். அப்பா ஓட்டறாரு. இன்னிக்கி இன்னா சேதி?"

"சூப்பர் சேதி ஒண்ணு கெட்ச்சிது. இங்க பூ கட்ற அம்மாவ கேட்டேன், வாழநார எதுக்கும்மா தண்ணில ஊற போடறேன்னு. காஞ்ச நாரு பூவோட கழுத்த அறுத்துடுமாம். இத்தினி வருசமா பூ வாங்கறேன், எனக்குத் தெரியாது பாரு."

இனியா சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பிறகு அவள் தன் சேதியைச் சொன்னாள். சாலையோரக் கம்பிவேலியில், ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் ஒரு பழைய பூட்ஸைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். ஏன் என்று தெரியவில்லை. அடுத்த பெட்ரோல் பங்கில் கேட்கப்போகிறாள். அந்தப் பக்கத்திலிருந்து மச்சான், "அய்யோ, கேட்டு சொல்லும்மா, மண்ட காயுது" என்று பதறினார்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஆமாம், பூட்ஸ். வரிசையாக, கிலோமீட்டர் கணக்கில். இத்தனை வருடங்களாக நான் போய்வருகிற சாலை. ஒரு பூட்ஸைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு எரிந்தது பூட்ஸுக்காக இல்லை. பெட்ரோல் என்னுடையது, கார் என்னுடையது, பெண் என்னுடையவள், சிரிப்பு மட்டும் அவருக்கு. பொறாமையை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

2

நீண்ட பயணத்தில் பிள்ளைகளின் மூளையைச் சும்மா விடக்கூடாது என்பதில் நான் உறுதியானவன். கரையான்சாவடியில் பிறந்து, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே பாலிடெக்னிக் பாடங்களை மனப்பாடம் செய்தவன் நான். பயணம் என்றால் எனக்குப் படிப்புதான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் கிழித்த பேப்பரை வைத்துச் சூத்திரம் சொல்லிக்கொண்டு வருவேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டால்கூடச் சூத்திரம்தான் வாயில் வரும்.

ஆகவே இனியாவுக்கு ஆறு வயது ஆனதிலிருந்து எங்கள் காரில் பாடத்திட்டம் உண்டு. முதல் அரைமணி தலைநகரங்கள். பிறகு வாய்ப்பாடு. பிறகு ரேடியோவில் பிரெஞ்சு. ஊரைத் தாண்டிக் காடு வந்ததும் திருக்குறள், ஏனென்றால் காட்டில் ரேடியோ எடுக்காது. ஓரிடத்தில் நிறுத்தி வாழைப்பழம். பிறகு காலையில் சொல்லிக்கொடுத்ததிலிருந்து கேள்வி. சரியாகச் சொன்னால் ஐஸ்கிரீம் என்று ஊக்கம் வேறு.

பதினோரு வயது வரை பதில் சொன்னாள். அதுவும் நன்றாகவே சொன்னாள். அதற்குப் பிறகு ஒருநாள், மங்கோலியாவின் தலைநகரம் எது என்று கேட்டபோது, "நீயே சொல்லுப்பா, உனக்குத்தான் தெரியுமே" என்றாள். அடுத்த பிறந்தநாளுக்குக் காதில் மாட்டுகிற கருவி கேட்டாள். வாங்கிக் கொடுத்தது நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது.

இங்கே நான் கார் ஓட்டும் உரிமம் வாங்கிய கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலர் எல்லா வாக்குவாதத்திலும் அதைத்தான் இழுப்பாள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தண்ணி லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் புகுந்து வந்தவன் நான். இங்கே முதல் தேர்வில் என்னைத் தோற்கடித்தது ஹாரன். முன்னால் போன வண்டியை முந்தும்போது பழக்கத்தில் லேசாக ஒரு தட்டு தட்டினேன். பக்கத்தில் இருந்த அதிகாரி அம்மா திடுக்கிட்டு, யாரைத் திட்டினீர்கள் என்று கேட்டார். யாரையும் திட்டவில்லை, நான் வருகிறேன் என்று தெரிவித்தேன் என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த உரிமத்தின் மொழிபெயர்ப்பில் என் அப்பா பெயர் முன்னும் என் பெயர் பின்னும் இருந்ததால், தேர்வெழுத வந்திருப்பது என் அப்பாவா நானா என்று தீர்மானிக்கவே அந்த அலுவலகத்துக்கு மூன்று நடை ஆயிற்று.

"உனக்கு சொல்லத்தான் தெரியும், கேக்கத் தெரியாது. ஹாரன் மாதிரி" என்பாள் மலர். இது அவள் அண்ணன் வீட்டு வாய்.

3

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் கஜேந்திரன். அம்பத்தூர் ஒரகடத்தில் வீடு. மலர் இதைப் படிப்பாள் என்பதால் 'அவர்' என்றே எழுதுகிறேன். நேரில் நாங்கள் வாடா போடாதான். எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில், ஒரே ஷிப்டில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் நின்றவர்கள். அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்த்தான் மலரைப் பார்த்தேன். கம்பெனி மூடியபோது நான் கனடாவுக்கு மனுப் போட்டேன். அவர் பழைய வேன் ஒன்றை வாங்கினார். இப்போது ஓட்டுவது இரண்டாவது வேன். கல்யாணம், காதுகுத்து, திருப்பதி, மேல்மருவத்தூர் என்று வாரத்தில் பாதி நாள் சாலையில் இருப்பவர்.

அந்த வேனில் ஒரு சட்டம் உண்டு. ஆரம்ப காலத்தில் திருப்பதியிலிருந்து திரும்பும்போது அவருக்குக் கண் சொக்கியிருக்கிறது. பாட்டுப் போட்டாலும் நிற்கவில்லை. "யாராச்சும் எதுனா சொல்லுங்கப்பா, எனக்குத் தெரியாததா சொல்லுங்க, தெர்ஞ்சத சொன்னா தூக்கம் வருது" என்று கத்தியிருக்கிறார். பின்சீட்டிலிருந்து, பூந்தமல்லியில் கார் சீட் கவர் தைக்கும் பாய் ஒருவர், ஆட்டுத்தோலுக்கும் மாட்டுத்தோலுக்கும் தொட்டே வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லத் தொடங்கினாராம். மச்சான் ஊர் வந்து சேரும்வரை கொட்டாவி விடவில்லை. அன்றிலிருந்து சட்டம்.

அது இப்படி. ஒரு டோல்கேட்டைத் தாண்டியதிலிருந்து அடுத்த டோல்கேட் வருவதற்குள், வேனில் இருக்கும் ஒவ்வொருவரும் புதிதாக ஒரு சேதி தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்ததாக இருக்கலாம், யார் வாயிலிருந்தாவது கேட்டதாக இருக்கலாம். முன்பே தெரிந்தது செல்லாது. போனில் பார்த்துப் படித்தது சுத்தமாகச் செல்லாது. நல்ல சேதி சொன்னவருக்கு டிரைவர் பக்கத்து முன்சீட்டு. சேதி இல்லாதவர் கடைசி சீட்டுக்குப் போக வேண்டும், சக்கரத்துக்கு மேலே, பைகளோடு.

மச்சான் பெரிய அறிவாளி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் சேகரிக்கும் சேதிகளில் பாதி தப்பு. அமெரிக்காவுக்குக் கீழேதான் கனடா இருக்கிறது என்று இன்றும் நம்புகிறார். குளிர் கீழே இறங்கி வருமாம், அதனால் எங்களுக்கு அதிகக் குளிராம். யாரோ ஒரு பயணி சொன்னது. வரைபடத்தைக் காட்டினேன். "அது அவுங்க தலகீழா மாட்டி கீறாங்க மாப்ளே" என்றார். இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் என் மகள் வாரம் தவறாமல் போன் போடுகிறாள்.

இரண்டு வருடம் முன்பு, பத்தாம் வகுப்பு விடுமுறையில் அவள் தனியாக ஊருக்குப் போய் ஒரு மாதம் அந்த வேனிலேயே சுற்றினாள். திரும்பி வந்த பிறகு நடந்த பொங்கல் விழாவில், வின்னிபெக் தமிழ்க் கூட்டமைப்பின் மேடையில், வரவேற்ற பெரியவர் "நலமா குழந்தாய்?" என்று மைக்கில் கேட்டார். "சோக்கா கீறேன், நீங்க எப்டி கீறீங்க?" என்றாள். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெட்கம் கொஞ்சம்தான். கரையான்சாவடியில் நான் பேசி வளர்ந்த பேச்சு அது. இங்கே வந்து சபையில் பேசக் கூசி நான் அடக்கி வைத்ததை, அவளுக்கு அவர் கொடுத்துவிட்டார்.

4

இந்த ஜூலையில் ஊருக்குப் போனோம். மலரின் சித்தி மகள் ஓசூரில் வீடு கட்டியிருந்தாள். கிரகப்பிரவேசத்துக்கு அம்பத்தூரிலிருந்து மச்சான் வேனில் எல்லோரும் போவதாக ஏற்பாடு. விமானத்தில் நான் தூங்கவில்லை. சென்னை முதல் ஓசூர் வரை உள்ள ஊர்களைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்து மூளையில் ஏற்றினேன். தேர்வுக்கு முந்தின நாள் படித்து முதல் மார்க் வாங்கிய ஆள் நான். மச்சானை அவருடைய வேனிலேயே ஜெயிப்பது என்று முடிவு.

விடியும் முன் கிளம்பி, அயனம்பாக்கம் வழியாக வானகரம் வந்து நெடுஞ்சாலையில் ஏறினோம். மெட்ரோ தூண்கள் வரிசையாக வந்தன. கரையான்சாவடியில் நான் பிறந்த தெரு இருக்கும் இடத்தைக் கையால் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை. நசரத்பேட்டை தாண்டியதும் எல்லோரும் சன்னல் பக்கம் திரும்பி வேலையைத் தொடங்கிவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட் தலை தெரிந்ததும் மச்சான், "ம்… சொல்லுங்க சொல்லுங்க" என்றார்.

நான் முந்திக்கொண்டேன். கூவம் ஆறு சென்னைக்காரர்கள் நினைப்பதுபோல் சாக்கடையாகப் பிறந்தது இல்லை, மேற்கே கூவம் என்கிற பெயரிலேயே ஒரு கிராமம் இருக்கிறது, அங்கே பழைய கோயில் இருக்கிறது என்று தொடங்கி, குரலை ஏற்றி இறக்கிச் சொன்னேன். நல்ல சேதிதான். சித்தப்பா ஒருவர் "அடேங்கப்பா" என்றுகூடச் சொன்னார்.

"அப்பா," என்றாள் இனியா, "இது நீ ப்ளேன்ல படிச்சது. நான் பக்கத்துலதான இருந்தேன். செல்லாது."

வேன் முழுக்கச் சிரித்தது. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. "வுடும்மா, பாவம், அப்பாவுக்கு இந்த ஒரு தபா உடலாம்" என்றார். அவர் சிரித்திருக்கலாம். அந்தப் 'பாவம்'தான் எனக்குப் பொறுக்கவில்லை. நானாகவே எழுந்து கடைசி சீட்டுக்குப் போனேன். அங்கே பரிசாகக் கொடுக்க வாங்கிய குத்துவிளக்கு ஒன்று பெட்டியில் இருந்தது. பள்ளத்துக்குப் பள்ளம் அதன் முனை என் விலாவைக் குத்திற்று.

வாலாஜாவுக்கு முன்னால் நாஷ்டாவுக்கு நிறுத்தினார்கள். இந்த முறை சட்டப்படி கேட்டே தெரிந்துகொள்வது என்று இறங்கினேன். வடை போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். தலையில் தொப்பி, தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில். "மன்னிக்கணும், உங்களை ஒரு விஷயம் கேட்கலாமா? இந்த எண்ணெயை நீங்கள் எப்போது மாற்றுவீர்கள்?" என்றேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே பார்த்து, "அண்ணே, ஆபீசருங்க வந்துகீறாங்க" என்று குரல் கொடுத்தார். முதலாளி வேட்டியைத் தழையவிட்டுக்கொண்டே ஓடி வந்து எனக்கு நாற்காலி போட்டார். நான் ஆபீசர் இல்லை என்று சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் அதிகமாயிற்று. கடைசியில் எங்கள் வேனுக்கே ஒரு தட்டு வடை இலவசமாக வந்தது. எனக்குச் சேதி மட்டும் வரவில்லை.

அதே நேரத்தில் சாலைக்கு அந்தப் பக்கம் இனியா ஒரு லாரியின் அடியில் குனிந்து, படுத்துக்கொண்டிருந்த டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தாள். வண்டி நின்றுபோனால் பின்னால் ஏன் மரக்கிளையை உடைத்துப் போடுகிறார்கள் என்று கேட்டாளாம். கல்லை வைத்தால் வருகிறவன் அதிலேயே மோதிச் சாவான், தழை என்றால் சாலையில் தழைக்கு என்ன வேலை என்று யோசித்து வேகத்தைக் குறைப்பான் என்றாராம் அந்த மனிதர். வேனுக்குள் அதை அவள் சொன்னபோது மச்சான், "அடப்பாவி, எத்தினி தழ போட்டுகீறேன், ஒரு தபா கூட யோசிக்கல பாரேன்" என்று ஸ்டியரிங்கில் தட்டினார். முன்சீட்டு அவளுக்கு. திரும்பி வரும்போதும் அவளுக்குத்தான். ஆம்பூரில் பிரியாணிக்கு ஏன் கத்திரிக்காய் வைக்கிறீர்கள் என்று கேட்டு, "கறி கம்மியா வுழுந்தவன் சண்டைக்கு வரக்கூடாதுல்ல" என்ற பதிலை வாங்கி வந்திருந்தாள்.

கடைசி சீட்டிலிருந்து எனக்கு இரண்டு தலைகளின் பின்பக்கம் தெரிந்தது. அவர் ஏதோ கேட்பார், அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பார். ஓசூர் போய், திரும்பி அம்பத்தூர் வரும்வரை அந்தப் படம்தான். இரவு மலரிடம் புலம்பினேன்.

"எங்க அண்ணன் மேல உனக்கு இன்னா அவ்ளோ காண்டு? தாய்மாமன்யா அவரு, உரிம கீது" என்றாள்.

"அப்பனுக்கு என்ன இருக்கு?"

"ஃபீஸ் கட்ற உரிம கீது, தூங்கு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

5

செப்டம்பரில் இனியாவைத் தண்டர் பே என்கிற ஊரில் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட வேண்டும். வின்னிபெக்கிலிருந்து எட்டு மணி நேரம். ஒரே சாலை. இரண்டு பக்கமும் காடு, நடுநடுவே ஏரி, பாதி வழியில் போன் சிக்னலும் இல்லை. மலர் வாசலிலேயே அழுது முடித்துவிட்டு டூட்டிக்குப் போனாள். ஆக அந்த எட்டு மணி நேரம் எனக்கும் இனியாவுக்கும் மட்டும். சிக்னல் இல்லாத காட்டில் மச்சானும் வர முடியாது. பல வாரமாக நான் எதிர்பார்த்த பயணம் அதுதான். இதில் பேசவில்லை என்றால் இனி எப்போது பேசுவாள்?

ஒன்றை மட்டும் தீர்மானித்திருந்தேன். பாடத்திட்டம் கிடையாது. தலைநகரம் கிடையாது. நான் வாயே திறக்கப்போவதில்லை, அவளாகப் பேசட்டும்.

அவள் பேசவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியாது. நாக்கு நுனியில் மங்கோலியா வந்து நின்றது. கடைசியில் அவளே என் பக்கம் திரும்பி, "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கேன்."

"ஒண்ணுமே கேக்கலையே."

கேட்டுவிட்டேன். பல மாதமாக மென்று விழுங்கியது வாயை மீறி வந்துவிட்டது. "நீ ஏன் எப்பப் பாத்தாலும் மாமாவுக்கே போன் பண்ற? எங்கிட்டப் பேசறதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

அவள் காலணியைக் கழற்றி, காலை சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டாள்.

"கோச்சிக்க மாட்டியே?"

"மாட்டேன், சொல்லு."

"நீ கேக்கற எல்லாத்துக்கும் உங்கிட்டயே பதில் இருக்குப்பா. சின்ன வயசுலேந்து அப்படித்தான். நான் சரியா சொல்றேனான்னு பாக்கத்தான் கேப்ப. மாமாவுக்கு நிஜமாவே தெரியாது. நான் சொன்னாத்தான் அவருக்குத் தெரியும். தெரிஞ்சதும் எவ்ளோ சந்தோஷப்படுவாரு, நீ பாத்தல்ல?"

கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். கோபித்துக்கொண்டேன். வெளியே காட்டவில்லை. ஒன்றும் தெரியாமல் இருப்பது ஒரு பெருமையா? ராத்திரி பகலாகப் படித்து, இந்த நாட்டுக்கு வந்து, இரண்டு வேலை பார்த்து, அவளுக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்று நான் தெரிந்துகொண்டதுதான் குற்றமா? அடுத்த ஊர் வரை இதையே சொல்லி மனதுக்குள் மச்சானோடு சண்டை போட்டுக்கொண்டு ஓட்டினேன். திரும்பிப் பார்த்தபோது இனியா தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சின்ன வயதிலும் அப்படித்தான் தூங்குவாள்.

அன்றிரவு ஒரு மோட்டலில் தங்கி, மறுநாள் காலையில் விடுதிக்குப் போனோம். பெட்டிகளை ஏற்றினேன். சன்னல் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். வெளியே போனால் ஹீட்டரைக் குறைத்து வை, பாலைத் தேதி பார்த்து வாங்கு என்றேன். எல்லாம் அவளுக்குத் தெரிந்தவைதான். கூடத் தங்கப்போகிற பெண் வந்துவிட்டாள். இனியா என்னைக் கட்டிக்கொண்டு, "சரிப்பா, பத்திரமா போ" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நல்ல தைரியமான பெண் என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறினேன். ஒரு சொட்டாவது வந்திருக்கலாம் என்றும் நினைத்தேன்.

6

தனியாக எட்டு மணி நேரம் ஓட்டுவதற்கு என்று வரலாற்று உரைகளைப் போனில் இறக்கி வைத்திருந்தேன். போட்டேன். ஏதோ ஒரு பேரரசு விழுந்துகொண்டிருந்தது. நிறுத்திவிட்டேன். ஊர் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்பேன், மச்சானிடமிருந்து போன். எடுக்கவேண்டாம் என்றுதான் நினைத்தேன். கை எடுத்துவிட்டது.

"மாப்ளே, எங்க கீற?"

"ரோட்டுல."

"கண்ணு சொக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. ராத்திரி பூரா நீ தூங்கவே இல்லியாம், பொரண்டுகினே கீறியாம். பாப்பா பாத்துகினு கீது. அப்பா எட்டு மணி நேரம் தனியா போறாரு மாமா, சிக்னல் கீற வரிக்கும் நீ அவராண்ட பேசிகினே இருன்னு சொல்ச்சி. அதான் அட்ச்சேன். சொல்லு, இன்னா சேதி?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விடுதியை விட்டு நான் கிளம்பி அரைமணிகூட ஆகவில்லை. அதற்குள் அவருக்குப் போன் போய்விட்டது. என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புகூட அவருக்குத்தான்.

"அவளே எனக்குப் போன் பண்ண வேண்டியதுதானே? உன்னை எதுக்கு நடுவுல?" என்றேன்.

மச்சான் தயங்கினார். அவருக்குப் பின்னால் லாரிகள் போகிற சத்தம் கேட்டது. அங்கே விளக்கு வைக்கிற நேரம்.

"சொல்லக்கூடாதுன்னு சொல்ச்சி மாப்ளே."

"சொல்லு மச்சான்."

"உன் கொரல கேட்டா அளுதுடுவேன்னு சொல்ச்சி. அவ அளுதா நீ வண்டிய திருப்பிகினு வந்துடுவியாம். அதான் உன் எதுர்ல அடக்கிகினு நின்னுகீது. நீ அந்தாண்ட போனதும் எனக்குப் போட்டு… நல்லா அளுதுச்சி."

சாலை நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"நீ என்ன சொன்ன அவகிட்ட?" என்றேன். என்ன சொன்னால் அவள் அழுகை நிற்கும் என்று எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது.

"நான் இன்னாத்த சொல்றது? எனக்கு இன்னா தெரியும்? வேன்ல ஆளுங்க கீறாங்க, இருங்கப்பான்னு சொல்ட்டு, நசரத்பேட்டையாண்ட ஓரங்கட்டிகினு நின்னேன். அவ முட்க்கிற வரிக்கும் கேட்டுகினு இருந்தேன். அவ்ளோதான்."

அவள் அழுதபோது நான் இரண்டு தெரு தள்ளி, சிவப்பு விளக்குக்காக நின்றிருப்பேன். அவர் உலகத்தின் அந்தக் கோடியில் இருந்தார். என் பெண்ணின் அழுகை என்னைத் தாண்டி அவ்வளவு தூரம் போயிருக்கிறது. கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுக்கும் உரிமையை அவருக்கு விட்டுக்கொடுப்பேன். சீர் வைக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பேன். அந்தச் சாலையோரத்தில் அவர் நின்ற இடத்தை மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

நானும் காரை ஓரம் கட்டினேன். முன்னால் கொஞ்ச தூரத்தில் சிக்னல் போய்விடும்.

"இன்னா மாப்ளே, வண்டி சத்தம் நின்னுபோச்சி? மூக்க உறியற? சரி, நான் அப்பால போடட்டா?"

"வெச்சிடாத மச்சான்," என்றேன்.